அய்யம்மாள் நல்கையும் ஒரு பழுப்பு உறையும்

திருத்தங்கல் தந்த தீந்தமிழ்த் திருவிளக்கே! அமிலம் தொட்ட கையால் அமுதம் அளித்த அன்னையே! குடுவையும் குழலும் காத்து, குன்றாப் புகழ் கொண்ட வேதியியல் ஆய்வக உதவியாளர் அய்யம்மாள் அம்மையீரே! வணக்கம்.

சபையோர் கவனிக்க. இந்த வரிகளை எழுதத் தமிழாசிரியர் பாண்டிமுருகனுக்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. இருபத்தாறு வருடமாக இந்தப் பள்ளியில் யார் ஓய்வு பெற்றாலும் வாழ்த்து மடல் எழுதுவது அவர்தான். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருப்பது அந்த மாதிரி மடல். அம்மையீர் அதைத் தாராளமாக வீட்டில் மாட்டிக்கொள்ளலாம். இப்போது அவர் வாசிப்பது வேறு தாள். தன்னைப் பற்றித் தானே ‘அவர்’ என்று வாசிக்கிறாரே என்று சிரிக்க வேண்டாம். ‘நான்’ என்று சொன்னால் வாசித்து முடிக்க முடியாது.

அம்மையீர்! பட்டாசுக் கம்பெனிக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிற பிள்ளைகளில் எழுதத் தெரிந்த ஒருவரை ஆண்டுதோறும் தேர்ந்து, ஆடி முதல் தீபாவளி வரை அவர் கூலியைத் தங்கள் சம்பளத்திலிருந்தே கொடுத்து, “சீசன்ல வேலைக்குப் போகாத, உக்காந்து எழுது” என்று சொன்னவர் தாங்கள். மழைக்காலத்தில் கொடுத்தால் போதாதா என்று பாண்டிமுருகன் ஒருநாள் நக்கலாகக் கேட்டார். “மழைக்கு எல்லாரும் சும்மாதான சார் இருக்காக? வேலை இருக்கையில எழுத விடத்தான் ஆளில்ல” என்றீர்கள். ஞாயிறுதோறும் ஆய்வக மேசையில் அந்தப் பிள்ளையை உட்கார வைத்து, வரிவரியாக வாசிக்கக் கேட்டீர்கள். எட்டு ஆண்டு, எட்டுப் பேர். நாலு பேருக்குப் புத்தகமே வந்துவிட்டது.

நாலு புத்தகத்திலும் முதல் பக்கத்தில் ‘அய்யம்மாக்காவுக்கு’ என்று இருந்தது. ஒன்றிலாவது ‘தமிழய்யாவுக்கு’ என்று இருந்ததா? இலக்கணம் சொல்லிக் கொடுத்தது யார்? குடுவை கழுவுகிறவருக்குக் கதையைப் பற்றி என்ன தெரியும்? பொறாமை, அம்மையீர், பச்சைப் பொறாமை! அவர் நானூறு பக்கத்துக்கு ஒரு நாவல் எழுதி வைத்திருக்கிறார். மனைவி பாண்டிமீனா அதில் மூன்றாம் பக்கம் தாண்டுவதற்குள் தூங்கிப்போனார். தாங்களோ ஒருநாள்கூட ‘சார், நீங்களும் ஞாயித்துக்கிழமை வாங்க’ என்று கூப்பிடவில்லை. தானே வருகிறேன் என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. எம்.ஏ., எம்.பில். படிப்பு தடுத்துவிட்டது.

போன ஜூன் மாதம் தங்கள் பெயருக்கு ஒரு பழுப்பு உறை வந்தது. தாங்கள் ஆய்வகத்தில் இருந்ததால் தபால்காரர் அதைப் பாண்டிமுருகனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அனுப்பியது மல்லாங்கிணறு எழில், பட்டாசுக் கம்பெனித் தொழிலாளி. சும்மா பார்ப்போமே என்று பிரித்தார். அக்கா கல்யாணப் பந்தியில், எம்புட்டுத் தேய்த்தும் போகாத அலுமினியப் பவுடர் படிந்த கையை இலைக்கடியில் ஒளித்துக்கொண்டு பசியோடு எழுந்துவிடுகிற ஒருத்தியின் கதை. கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்த ஆறே பக்கம்தான். அவருடைய நானூறு பக்கமும் அதன் முன்னால் நிற்காது என்பது வாசித்தவுடன் தெரிந்துவிட்டது. உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, பக்கங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பீரோவில் பூட்டினார்.

“தபால் எதும் வந்துச்சா சார்? மல்லாங்கிணத்துப் புள்ள ஒண்ணு அனுப்புறேன்னுச்சு” என்று தாங்கள் மூன்று தரம் கேட்டீர்கள்.

“ஒண்ணும் வரலியே” என்று மூன்று தரமும் சொன்னார்.

தாங்கள் தருகிற அந்தக் கூலிப் பணம், அதாவது அந்த ஆண்டு நல்கை, வேறொருவருக்குப் போனது. எழில் சீசன் வேலைக்குப் போய்விட்டாள்.

சென்ற மாதம் பாண்டிமீனா பீரோவைத் துடைக்கும்போது அந்தப் பக்கங்கள் கையில் சிக்கின. உறையும் இல்லை, பெயரும் இல்லை. நின்ற நிலையிலேயே வாசித்தார். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டார்: “இம்புட்டு நாளா இத எங்கன ஒளிச்சு வச்சிருந்தீக? கல்யாணமாகி முப்பது வருசத்துல இன்னைக்குத்தான் தெரியுது நீக யாருன்னு. நீகதான எழுதுனீக?”

பாண்டிமுருகன் தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டினார், அம்மையீர்.

அன்றிலிருந்து அந்த அம்மாள் அவருக்குச் சோறு போடுகிற விதமே மாறிவிட்டது. இருக்கன்குடி மாரியம்மன் கோயில் வரைக்கும் போய் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. இத்தனை வருடம் அவர் ஏங்கியது இந்தப் பார்வைக்குத்தான். அது கிடைத்த நாள் முதல் சோறு இறங்கவில்லை.

அந்தப் பக்கங்களை இதோ தங்கள் கையில் ஒப்படைக்கிறார். வருகிற ஆடியில் எழிலுக்கான நல்கையை அவர் தருவார். ஞாயிற்றுக்கிழமை அவள் தங்களோடுதான் உட்கார வேண்டும். அவர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டார். பொறாமை தீர்ந்துவிட்டதா என்றால், தீரவில்லை. அவள் பக்கங்களைப் பார்க்கும்போது இப்போதும் வயிறு எரிகிறது.

அம்மையீர்! நோய் அண்டாமல், நடை தளராமல், நூறாண்டு நிறைந்து வாழ்க! மற்ற நாளெல்லாம் ஓய்வெடுங்கள், ஞாயிறு மட்டும் வேண்டாம்.

மீனா, தலையைக் குனியாத. உனக்கு நேர் பின்னால, மூணாவது வரிசையில, பச்சைச் சேலை கட்டிக்கிட்டு, தன்னை எதுக்குக் கூப்பிட்டாகன்னு தெரியாமலே வந்த ஒரு புள்ள உக்காந்திருக்கு. திரும்பிப் பாரு. நீ அழுதது அவ எழுதுனதுக்குத்தான்.

இவண்,
பணியாளர் எவர் சார்பிலும் அல்லாமல்,
பாண்டிமுருகன்