முகத்துவாரத்தில் பச்சை

பழவேற்காட்டு மடவை மீன் எனக்கு மிகவும் பிடிக்கும். குழம்பைவிட வறுவல். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எனக்கு மீனவர்கள் மேல் ஏதோ வெறுப்பு இருந்ததாக ஒரு பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது, இன்ஸ்பெக்டர் மேடம். ஒருவரை வெறுக்க வேண்டுமானால் முதலில் அவரைப் பற்றி யோசித்திருக்க வேண்டும். நான் அவர்களைப் பற்றி யோசித்ததே இல்லை.

என் பெயர் சபரிநாதன். வயது நாற்பத்தாறு. மணவாள நகரில் சொந்த வீடு. திருவள்ளூர் கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஆபீஸ். கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கித் தரும் வேலை. பலகையில் ‘பேட்டன்ட் ஏஜென்ட்’ என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பட்டா மாற்றித் தரச் சொல்லி மாதம் நான்கு பேராவது படியேறி வருவார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தேன், அவர்கள் அப்படியொன்றும் தப்பான இடத்துக்கு வரவில்லை. நிலத்தில் உழுகிறவர் யாராக இருந்தால் என்ன, பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்பதுதானே பேச்சு.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பார்த்துத் தெரிந்துகொண்டேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு மொபைல் கம்பெனியில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். மலிவு விலை போன்கள். நம் ஊர்ப் பெண்கள் கையால் செய்த போன் என்று முதலாளி மேடைக்கு மேடை நெகிழ்வார். ஒருநாள் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி டெல்லியில் எங்கள் மேல் வழக்குப் போட்டது. போன் டவரோடு பேசுகிற முறை எப்போதோ தங்கள் பெயரில் பதிவானது, நீங்கள் அனுமதியில்லாமல் பயன்படுத்துகிறீர்கள் என்றார்கள். அவர்கள் தங்கள் வாழ்நாளில் ஒரு போனைத் தயாரித்ததில்லை. அவர்களிடம் இருந்தது காகிதம். எங்களிடம் இருந்தது நான்கு அசெம்பிளி லைன், முந்நூறு பெண்கள், முதலாளியின் நெகிழ்ச்சி.

எட்டே மாதத்தில் லைன் நின்றது. புதுவாயலில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்ற பெண்கள், அந்தத் திங்கட்கிழமை பத்தரை மணிவரை வெயிலில் நின்றார்களாம். பஸ் வராது என்று அவர்களுக்கு முன்பே போன் செய்து சொல்லும் வேலை என்னுடையது. நான் எதிர்த்தரப்பின் மனுவைப் படித்துக்கொண்டிருந்தேன். நூற்றுப் பதினோரு பக்கம். அவ்வளவு தெளிவான எழுத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் வேலை தேடிப் போனார்கள். நான் பேட்டன்ட் ஏஜென்ட் பரீட்சைக்குப் பணம் கட்டினேன்.

சத்யாவும் அந்தக் கம்பெனியில்தான் இருந்தாள். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். அப்பா துலுக்காணம் படகுக்காரர், அம்மா செங்கம்மாள் மீன் விற்பவர். டிப்ளமா படித்துவிட்டு டெஸ்டிங்கில் சேர்ந்தாள். போனை ஓர் இயந்திரத்தில் பொருத்தி ஆட்டுவார்கள். உள்ளே இருக்கும் சென்சார் அந்த ஆட்டத்தைச் சரியாக உணர்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. மூன்று வருஷம் போன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள். அதில் என்ன யோசனை வந்துவிடப் போகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

இரண்டு வருஷம் கழித்து என் ஆபீசுக்கு வந்தாள். கையில் ஒரு பை மடவை.

“சார், டெஸ்டிங் சத்யா. ஞாபகம் கீதா?” என்றாள். சென்னையில் வேறொரு கம்பெனியில் சாப்ட்வேர் எழுதும் வேலையில் இருப்பதாகச் சொன்னாள். பிறகு லேப்டாப்பைத் திறந்தாள்.

“எங்க ஏரி கடலாண்ட சேர்ற வாய் கீதே சார், மொவத்தாரம், அங்கதான் படகு கவுறும். கரையில நின்னு பாத்தா ஒன்னும் தெரியாது. உள்ள போனாத்தான் அல எப்டின்னு தெரியும். போனப்பறம் தெரிஞ்சி இன்னா பண்றது? படகுல போறவங்க சட்டப் பையில போன் கீதில்ல, அது ஆடுற ஆட்டத்த வெச்சிக் கணக்குப் போட்டு, பின்னால வர்றவங்க போன்ல காட்டிடலாம். பச்ச, மஞ்ச, செவப்பு. படிக்கத் தெரியாதவங்களுக்குக்கூடப் புரியும்.”

இரண்டு மணி நேரம் விளக்கினாள். எழுதிய தாள்களையெல்லாம் படித்துப் பார்க்கும்படி என்னிடம் தந்தாள். செயலிக்கு ‘அலைசொல்லி’ என்று பெயர் வைத்திருந்தாள். கடைசியில் கேட்டாள்: “இத யாராவது தூக்கிக்கினு போய்டுவாங்களா சார்? எம் பேர்ல பதிஞ்சி வெச்சிக்கணுமா?”

“சாப்ட்வேருக்கு நம்ம நாட்டுல பேட்டன்ட் கிடையாதும்மா. யாரும் எடுக்க முடியாது. தைரியமா வெளியிடு” என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. வெறும் சாப்ட்வேருக்குக் கிடையாது. சென்சார், படகு, அலை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முறையாக எழுதினால் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதை அவள் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது என் தொழிலில் வழக்கமில்லை. படியிறங்கும்போது இரண்டு முறை நன்றி சொன்னாள்.

அவள் தாள்களை வைத்துப் பதினோரு நாளில் பேட்டன்ட் விண்ணப்பத்தை எழுதி முடித்தேன். விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவர் என்று என் மனைவி ஈஸ்வரியின் பெயரைப் போட்டேன். பெண்கள் விண்ணப்பித்தால் சீக்கிரம் பரிசீலிக்கிறார்கள். பெண்களை முன்னேற்றும் ஏற்பாடு. ஈஸ்வரிக்குத் தன் போனில் அலாரம் வைக்கத் தெரியாது. காஸ் கனெக்‌ஷன் படிவம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

சத்யா அலைசொல்லியை இலவசமாக வெளியிட்டாள். ஏரியைச் சுற்றிய குப்பங்களில் ஒரே வருஷத்தில் எல்லார் போனிலும் ஏறிவிட்டது. காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன் அதைப் பார்த்தார்கள். ஏதோ ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அவளுக்குப் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். நான் காத்திருந்தேன். பேட்டன்ட் கிடைத்த வாரம் நோட்டீஸ் அனுப்பினேன். ஒன்று அவளுக்கு. ஒரு நகல், அவள் வேலை பார்த்த கம்பெனிக்கு.

அந்த நகல்தான் முக்கியம். கம்பெனிகளுக்குப் பேட்டன்ட் என்ற சொல்லைக் கேட்டாலே பயம். யார் சொல்வது நியாயம் என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். வம்பு எதற்கு என்று பத்து நாளில் அவளை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். ஆப் ஸ்டோரிலிருந்தும் அலைசொல்லியை நீக்கிவிட்டார்கள், ஏற்கெனவே போன்களில் ஏறியது மட்டும் மிச்சம். அவளுக்காக வந்த வக்கீலுக்கு, பேட்டன்ட்டை ரத்து செய்யச் சொல்லி ஹைகோர்ட்டுக்குப் போகலாம், ஜெயிக்கலாம் என்பது தெரியும். எத்தனை வருஷம் ஆகும் என்பதும் தெரியும். சமாதானமாகப் போகச் சொன்னார்.

சமாதானப் பத்திரத்தை நானே எழுதினேன். செயலியையும் அது ஓடும் சர்வரையும் அவள் என்னிடம் ஒப்படைக்க வேண்டும். அதுபோல் இன்னொன்று எழுதக்கூடாது. செயலியைப் பற்றியோ அது கைமாறியதைப் பற்றியோ யாரிடமும் பேசக்கூடாது. அழுவாள் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வேறு எதையோ சொன்னாள்.

“சார், மொவத்தாரத்துல மணல் நகந்துகினே இருக்கும். மாசத்துக்கு ஒருவாட்டி நைனாவோட போய்ப் பாத்து நான் கணக்க மாத்துவேன். நீங்க மாத்தலன்னா கலரு தப்பாக் காட்டும். மாத்த முடியலன்னா, இது இப்ப வேல செய்யலன்னு ஒரு வரியாச்சும் போட்டுடுங்க சார். நம்பிக்கினு போவாங்க.”

பார்க்கலாம் என்றேன்.

அந்த ஒரு வரியைப் போட முடியாததற்குக் காரணம் இருந்தது. சென்னையில் ஒரு மொபைல் கம்பெனி மீனவர்களுக்கென்றே ஒரு போன் கொண்டுவரத் திட்டமிட்டிருந்தது. அலைசொல்லியை உள்ளேயே வைத்து விற்க வேண்டும் என்பது யோசனை. அவர்களுக்கு என் பேட்டன்ட் மட்டும் போதாது, தினமும் செயலியைத் திறக்கும் ஆட்களும் வேண்டும். வேலை செய்யவில்லை என்று போட்டால் எவன் திறப்பான்?

ஆனால் அவள் சொன்னபடியே கலர் குழம்ப ஆரம்பித்தது. தெளிந்த நாளில் சிவப்பு காட்டியது. திறப்பவர்கள் குறைந்தார்கள். கணக்கை எப்படி மாற்றுவது என்று எனக்குத் தெரியாது, அவளிடம் கேட்பதும் முறையல்ல. அதனால் ஓர் எளிய வழி செய்தேன். தினமும் விடியற்காலையில் என் வீட்டிலிருந்தே கலரைக் கையால் வைத்தேன். போன்கள் கணக்கிட்ட கலர் என் திரையில் மட்டும் வரும், நான் வைப்பதுதான் அவர்கள் போனில் தெரியும். பெரும்பாலும் பச்சை. அரசாங்கம் புயல் எச்சரிக்கை கொடுத்தால் சிவப்பு. நாற்பது நாட்களுக்கு மேல் இப்படி ஓட்டினேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடலைப் பற்றி இவர்கள் காட்டும் பயபக்தியெல்லாம் கொஞ்சம் மிகை என்று அப்போது தோன்றியது.

கம்பெனிக்காரர்கள் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என் ஆபீசுக்கு வருவதாகச் சொன்னார்கள். வருவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். நீங்கள் அனுப்பிய பதிவுகள் எல்லாம் அமைதியான நாட்களுடையவை, மோசமான அலையில் இது எப்படி வேலை செய்யும் என்று. நியாயமான கேள்வி. மோசமான நாளின் பதிவு ஒன்றுகூட என்னிடம் கிடையாது. அலை மோசமான நாட்களில் யாரும் படகை எடுப்பதில்லை. படகு போகாவிட்டால் போன் ஆடாது. போன் ஆடாவிட்டால் காட்டுவதற்குப் பதிவு கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு முன்பே என் திரையில் சிவப்பு வந்தது. ஒரே ஒரு போனிலிருந்து. எண்ணைப் பார்த்தேன், சத்யாவின் அப்பா துலுக்காணத்தின் போன். அவர் முகத்துவாரம்வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். ஐந்து நிமிடத்தில் சத்யா கூப்பிட்டாள்.

“சார், நைனா இப்பத்தான் பாத்துட்டு வந்தாரு. வாயில அல எகிறிக்கினு கீது. வெளிய ஒன்னும் தெரியல. எங்க குப்பத்துல நிறுத்திட்டோம். வடக்குக் குப்பத்துல கெளம்பறாங்க. செவப்பு வெச்சிடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

“சரிம்மா” என்று வைத்துவிட்டேன்.

நீங்கள் கேட்டது இந்த இடத்தைத்தானே. பழைய பச்சை தானாக நின்றுவிட்டதா, கவனிக்காமல் விட்டேனா என்று. இல்லை. என் திரை சிவப்பில் இருந்தது. ஐந்து மணி எட்டு நிமிடத்துக்கு அதைப் பச்சையாக மாற்றினேன். இந்தச் சிவப்பு தப்பான சிவப்பு இல்லை என்று தெரிந்துதான் மாற்றினேன்.

வடக்குக் குப்பத்திலிருந்து முனுசாமியின் படகு கிளம்பியது. அதில் நான்கு பேர். சத்யா முனுசாமிக்கும் போன் செய்திருக்கிறாள். பிழைத்து வந்த அரசப்பன் உங்களிடம் சொன்னதைத்தான் நானும் கேள்விப்பட்டேன். போகாதீர்கள் என்று அவள் கத்த, முனுசாமி சிரித்தாராம். “இன்னாம்மா நீ, ஒன் ஆப்புதான் பச்ச காட்டுது. அத நம்பறதா, ஒன்ன நம்பறதா?” என்றாராம். செயலி தன் கையில் இல்லை என்று அவள் சொல்லத் தொடங்குவதற்குள் அவர் போனைப் பையில் போட்டுவிட்டார். பத்திரத்தில் பேசக்கூடாது என்று இருந்ததால் அதுவரை அவள் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. படிக்காத குடும்பத்துப் பெண்ணாக இருந்தாலும் கையெழுத்துக்கு மரியாதை கொடுத்தாள். அதை நான் பாராட்டுகிறேன்.

படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. துலுக்காணம் கரையிலிருந்து பார்த்துவிட்டுத் தன் படகை எடுத்துக்கொண்டு போனார். மனைவி செங்கம்மாள் இடுப்பைப் பிடித்து நிறுத்தியும் நிற்கவில்லை. அரசப்பனையும் இன்னொருவரையும் இழுத்துக் கரையில் போட்டார். மறுபடி போனார். முனுசாமியும் அவர் தம்பி மகன் ஜெகனும் சாயங்காலம் பிணமாகக் கரை ஒதுங்கினார்கள். துலுக்காணம் மூன்றாம் நாள்.

மூன்று சாவு என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. முனுசாமி, ஜெகன் இரண்டு பேரையும் எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. துலுக்காணத்துக்கு அந்தப் பச்சை பொய் என்று நன்றாகத் தெரியும். தெரிந்தே போனவர். அவரை என் பெயரில் எழுதுவது நியாயமில்லை.

கம்பெனிக்காரர்கள் சொன்னபடி பத்து மணிக்கு வந்தார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது, அவர்களை இதில் இழுக்க வேண்டாம். திரையில் காலைப் பதிவைப் போட்டுக் காட்டினேன். முனுசாமியின் போன் முகத்துவாரத்துக்குள் நுழைவது, அலை ஏறுவது, படகு சாய்வது எல்லாம் கோடு கோடாக விழுந்திருந்தது. கவிழ்ந்த பிறகும் ஆறு நிமிடம் அந்தப் போன் அனுப்பிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் துலுக்காணத்தின் கோடு உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போயிருந்தது. அவர்களில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இவ்வளவு துல்லியமாக இதுவரை பார்த்ததில்லை என்றார். யார் சார் இதைச் செய்தது என்று கேட்டார்.

கேள்வி சட்டென்று வந்தது. நான் யோசிக்கவில்லை. சத்யா என்று சொல்லிவிட்டேன். காகிதத்தில் இருப்பது ஈஸ்வரியின் பெயர்.

அன்று நான் செய்த தவறு அது ஒன்றுதான், மேடம்.