மஞ்சள் புள்ளிக்குப் போகாதவர்

ஆறிப்போன மட்டோக்கேயை யாராலும் சாப்பிட முடியாது, ஊர்த் தலைவரே. வாழைக்காயை இலையில் பொதிந்து இரண்டு மணி நேரம் ஆவியில் வேகவைத்து, சூட்டோடு மசித்து, வேர்க்கடலைக் குழம்பு ஊற்றி, முழங்காலிட்டுப் புருஷன் முன்னால் வைக்கிறோம். அந்த நேரத்திலேயே அவர் கையை வைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் செம்புயா மூன்று வருஷமாக அதை ஆறவிட்டுத்தான் சாப்பிட்டார். என் புகாரை இங்கிருந்து எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் இடுப்புக்குக் கீழே விளங்காதவர் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் அவர் எப்படி இருந்தார் என்பதும் மசாகா ஊர் முழுக்கத் தெரியும். காலில் சக்கரம் கட்டிய மனிதர். பைக்கில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறவர்கள் இந்த ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள்; பொழுது சாய்ந்தால் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். இவர் படகுத்துறையில் ஒருவரை இறக்கிவிடப் போவார், ஏரியைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் அங்கேயே இருந்துவிடுவார். கேட்டால், "சும்மாதான் போனேன்," என்பார். பெண் பழக்கமாவது இருந்திருந்தால் போய் அவள் தலைமயிரைப் பிடித்திருப்பேன். சாலைக்கு ஏது தலைமயிர்?

பைக் விபத்துக்குப் பிறகு நான் முகம் சுளித்ததே இல்லை. துடைத்துவிட்டேன், புரட்டிப் படுக்கவைத்தேன், ஊட்டியும் விட்டேன். நான் உள்ளே வரும்போதெல்லாம் அவர் வீட்டில் இருந்தார். உண்மையைச் சொன்னால், அந்த முதல் நாலு மாதம்தான் என் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல காலம்.

அப்புறம் அவருடைய தம்பி காலுங்கியும் பைக் நிறுத்தத்துப் பையன்களும் சேர்ந்து ஒரு டிவியையும் பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கை இரண்டும் நன்றாகத்தானே இருக்கிறது, பொழுது போகட்டும் என்றார்கள். நானே சோடா வாங்கிக் கொடுத்தேன்.

அந்த விளையாட்டில் ஒரு பெரிய ஊர் இருக்கிறது. கடல், மலை, பாலங்கள் எல்லாம் உண்டு. வெளிநாட்டிலிருந்து ஒருவன் பைக்கில் ஊர் திரும்புகிறான். அவன் பெண்டாட்டி வீட்டு வாசலில் நிற்கிறாள். அந்த வீடு எங்கே என்று திரையின் மூலையில் ஒரு மஞ்சள் புள்ளி மினுக்கிக்கொண்டே இருக்கும். அங்கே போய்க் கதவைத் தட்டினால் கதை தொடங்கும். அதுவரை ஊரில் எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம், கேட்க ஆளில்லை.

செம்புயா ஒரு நாளும் தட்டவில்லை.

"பாவம், அந்தப் பொம்பள வாசல்லயே நிக்கிறா. ஒரு தடவ போய்த்தான் பாத்துட்டு வாங்களேன்," என்றேன்.

"தட்டினா கதை ஆரம்பிச்சிடும், நகட்யா. அப்புறம் இவனச் சுடு, அங்க போ, இங்க வான்னு அவங்க சொல்றதத்தான் செய்யணும். இப்ப என்னை யாரு கேக்குறது?"

காலுங்கிதான் சிரிப்பான். "மூணு வருஷமாச்சு, அண்ணன் இன்னும் மொதக் கட்டத்தையே தாண்டல. இப்படி ஒரு சோம்பேறி வீரன எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா, அண்ணி?"

"போடா. நீதான் கதைய முடிச்சவனாச்சே, அந்த மலைக்குப் பின்னால ஒரு ஏரி இருக்கே, பாத்திருக்கியா? கொக்கு வந்து எறங்கும்டா."

நான் தட்டோடு முழங்காலிட்டிருப்பேன். அவர் மலை ஏறிக்கொண்டிருப்பார். எனக்கு வந்த எரிச்சலை உங்களால் நினைத்துப் பார்க்க முடியாது. கால் விளங்காத மனிதர் என் கண் முன்னாலேயே வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தார், தினமும். அந்தப் பொம்மைப் பெண்ணாவது நின்றுகொண்டிருந்தாள். எனக்கு முட்டி தேய்ந்தது.

கதை தொடங்கினால் என்ன ஆகும் என்று காலுங்கியிடம் விசாரித்தேன். "பாலமெல்லாம் மூடிடும், அண்ணி. கதை முடியற வரைக்கும் அவ வீட்டச் சுத்தியிருக்கிற ரெண்டு தெருவுலதான் ஓட்டணும். பழைய ஆட்டத்த அழிச்சிட்டா ஏரி, கொக்கு எல்லாம் அம்போ," என்றான். நல்ல பையன், எதையும் மறைக்கத் தெரியாது.

போன வியாழக்கிழமை மத்தியானம் அவர் தூங்கினார். மூன்று வருஷம் பார்த்ததில் எனக்கே ஓட்டத் தெரிந்திருந்தது. நேரே மஞ்சள் புள்ளிக்குப் போனேன். கதவைத் தட்டினேன். அந்தப் பெண் அழுதுகொண்டே கட்டிக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது. பிறகு பழைய ஆட்டத்தை அழித்தேன். அழிக்கட்டுமா என்று பெட்டி இரண்டு தடவை கேட்டது. என்னை யாரும் எதற்கும் இரண்டு தடவை கேட்டதில்லை.

அவர் விழித்தார். பாலத்துக்குப் போனார், மூடியிருந்தது. அடுத்த பாலத்துக்குப் போனார். வெகுநேரம் தேடினார். நான் தட்டை வைத்து முழங்காலிட்டேன். அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அன்னிக்கு பிரேக்கும் நீதானா?" என்றார். கத்தவில்லை.

"சாப்பிடுங்க, ஆறுது," என்றேன். நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உங்களிடமும் பொய் சொல்ல மாட்டேன். பிரேக் கம்பியை நான் அறுக்கவில்லை, பாதிதான் அராவினேன். என் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தவர், அரம் பிடிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மீதியை நியெண்டோ இறக்கம் பார்த்துக்கொண்டது. ஒரு கால் முறிந்தால் இரண்டு மாதம் வீட்டில் இருப்பார், வீடு பழகிவிடும் என்று நினைத்தேன். இது ஒரு பெண்டாட்டி நினைக்கக்கூடாததா? பின்னால் ஒருத்தி உட்கார்ந்து வருவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? பள்ளிக்கூட டீச்சராம். அடக்கத்துக்கு ஒரு முழுத் தார் வாழைக்காய் கொடுத்தனுப்பினேன். அதை மட்டும் இந்த ஊரில் யாரும் பேசுவதில்லை.

இப்போது புகாருக்கு வருகிறேன். அவர் தம்பிக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். சனிக்கிழமை காலை காலுங்கி வந்தான். பிள்ளையை முதுகில் கட்டுவதுபோல அண்ணனைத் துணியால் தன்னோடு சேர்த்துக் கட்டி, பைக்கில் வைத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் கடைத்தெருவில் என்னைத் தாண்டித்தான் போனார்கள். செம்புயா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். படகுத்துறைக்குப் போனார்களாம், சும்மாதான்.

போலீஸுக்குச் சொல்வதானால் சொல்லுங்கள், உங்கள் கடமையை நான் தடுக்கவில்லை. ஆனால் முதலில் காலுங்கியைக் கூப்பிட்டு விசாரியுங்கள். நடக்க முடியாதவரைக் கயிற்றுக் கட்டிலைப் போலக் கட்டி ரோட்டில் கொண்டுபோகிறானே, நாளைக்கு ஒன்று ஆனால் யார் பொறுப்பு? என் வீட்டில் இருந்த மூன்று வருஷத்தில் அவர் உடம்பில் ஒரு கீறல் பட்டிருக்குமா?