வயித்துப் பக்கமா, கீழ்ப் பக்கமா

ஹலோ… மோகனா? அம்மாதான்டா. பக்கத்து பெட் பாலம்மாவோட போன். … இல்ல, இன்னும் செய்யல. புதன்கிழமை. … கேளு, எனக்கு ஒண்ணு மட்டும் விளங்கல. அவளுக்கும் எனக்கும் ஒரே குடல் வருத்தம், ஒரே டொக்டர். ரெண்டு பேரும் ஒரே வருசந்தான் வயசுக்கு வந்தோம். அவளுக்கு வயித்துல ஓட்டை போட்டுச் செய்றாங்க, எனக்கு மட்டும் கீழ. ஏன்டா?

… ஆமா ஆமா, ரெண்டும் ஒப்பரேசன்தான். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. தமிழ் தெரிஞ்ச நர்ஸ், றிப்தா மிஸ், படம் போட்டே காட்டினா. … பொறு, சொல்றேன். சொக்ஸ கழட்டும்போது உள்பக்கம் வெளிய புரளுதுல்ல? வெளிக்குப் போற வழியால குடலு அப்படித்தான் புரண்டு வருதாம். கீழ செய்தா, வந்தத வெட்டி, தைச்சு, உள்ள விட்டுருவாங்க. வயித்தத் தொடமாட்டாங்க. முதுகுல ஊசி போட்டாப் போதும். … ம்… ம்… ஆனா மறுபடி பிதுங்குறது அதுலதான் கூடுதலாம்.

வயித்துப் பக்கமா? சின்னச் சின்ன ஓட்டை, உள்ள கமரா. குடல மேல இழுத்து முதுகெலும்பு அடியில கட்டிருவாங்க. அதுலயும் ரெண்டு வகை. பின்பக்கமெல்லாம் பிரிச்சுத் தைச்சா, பிறகு வெளிக்குப் போறது இறுகுமாம். முன்பக்கமா ஒரு வலைத்துண்டு வெச்சுக் கட்டினா அந்தக் கரைச்சல் குறைவாம். மூளையப் பாரு! … ஆனா முழுசா மயக்கணும். நெஞ்சு தாங்கணும்.

… என் நெஞ்சுக்கு என்ன? … யாரு சொன்னது? … நீயா?

… படியேறினா மூச்சு வாங்குதுன்னா? போன கிழமை வரைக்கும் உன் வீட்டுக்குத் தண்ணி தூக்கினது யாரு, உன் பொண்டாட்டி சர்மிளாவா? … ஓ. நீ டொக்டர்கிட்ட சிங்களத்துல படபடன்னு பேசினது இதுதானா. நான் பக்கத்துல நின்னு தலைய வேற ஆட்டினேன்.

… ஐடியில எழுபத்தாறுதான். பதினொரு வயசுல தோட்டத்து வேலைக்குச் செக்றோல்ல பேர் போடப் பதினெட்டுன்னு எழுதினாங்களே, உனக்குத் தெரியாதா? … தெரியுமா?

… சரி… சரி. கீழ செய்தா மூணு நாள்ல வீட்டுக்கு வந்துருவேன், நான் வந்தாத்தான் சர்மிளா வேலைக்குப் போகலாம். … குடலு மறுபடி பிதுங்க நாலஞ்சு வருசமாகும், அதுக்குள்ள… ம்? அதுக்குள்ள என்ன? முடிச்சுச் சொல்லு ராசா.

… அழல. சிரிக்கிறேன். புள்ளப் பெத்ததுல கிழிஞ்சதுதான் இப்படி ஆகியிருக்கும்னாரு டொக்டர். நாலு பெத்தேன். கிழிச்சது உன் தலை மட்டுந்தான். உள்ள ஒண்ணுமில்லாட்டியும் சுத்தளவு அப்படி.

… கத்தாத. நாத்தம்னு எனக்குத் தனிக் கோப்பை, தனிக் கதிரை வெச்சீங்க. உக்காரவும் முடியாம நின்னுக்கிட்டே உன் புள்ளைக்குச் சோறு ஊட்டினேன். அப்ப நான் கத்தினேனா? … இரு, டொக்டர் வர்றாரு. வெக்காத, கேளு.

மிஸ், டொக்டருக்குச் சிங்களத்துல சொல்லுங்க. ஐடி வயசு பிழை. எனக்கு அறுபத்தொன்பது. மூச்சு வாங்குதுன்னு மகன் சொன்னது பொய். … காலையில நெஞ்ச ஸ்கேன் பண்ணிப் பார்த்தீங்களே. … நல்லா இருக்கா? … மயக்கலாமா? … ஆமா, முன்பக்கமா, வலை வெச்சு. எங்க கையெழுத்து?

… மோகனா, இருக்கியா? கேட்டியா? எனக்கும் வயித்துப் பக்கமாத்தான் செய்றாங்க. ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது. உன் வீட்டுக்கு வரல. பாலம்மாவோட அவ ஊரு மடுல்கெல்லைக்குப் போறேன், அவ மக ரெண்டு பேரையும் பார்த்துக்குவா. வெக்கிறேன்.