நீலம் அடித்தால் ஆம்பளை

“நீலம்னா ஆம்பளைண்ணே.”

வில்லியனூரில் ரயில் ஏறியதும் எதிர்ப் பலகையிலிருந்து என் காதில் விழுந்த முதல் பேச்சு இதுதான். சொன்னவர் மண்குதிரைகளுக்கு வண்ணம் அடிப்பவர். கேட்டவர் ஒரு கரும்புக்காரர். பக்கத்தில் அவர் மனைவி, முகம் நிறைய மஞ்சளோடு. அய்யனாருக்கு நேர்ந்துகொண்ட குதிரைக்கு வண்ணம் வாங்க மூவரும் புதுச்சேரிக்குப் போகிறார்கள். நான் பேப்பரை விரித்துக்கொண்டு படிப்பதுபோல் உட்கார்ந்தேன்.

“தொர வூட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனேன். செவுத்துல ஒரு படம், குதிரைங்க எல்லாம் நீலம். இன்னா அர்த்தம்னு கேட்டேன். தொரசானி பிரெஞ்சுல சொல்லச் சொல்ல, சமைக்கிற குசினிக்காரரு தமிழ்ல சொன்னாரு. செவப்பு மொரட்டுத்தனமாம். நீலம் ஆம்பளையாம். மஞ்ச பொம்பளையாம், ரொம்ப சாந்தமாம்.”

கரும்புக்காரர் மனைவியின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார்.

“படம் போட்டவனுக்குக் கல்யாணம் ஆவலியா?”

“அத கேக்கலண்ணே.”

“இன்னாவோ போ. நம்ம குதிர வெள்ளையாவே இருக்கட்டும். நீலம் பாரிச்சு நின்னா, பாம்பு கடிச்ச குதிரன்னுவாங்க. அது மேல ஏறி அய்யனாரு எந்த ஊரக் காவல் காப்பாரு? ஊரே சிரிக்கும். எனக்கு பயமா இருக்குதுபா.”

அதுவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் திரும்பினார்.

“நேந்துகினது நானு. நீலமே வாங்குபா. ஆம்பளன்னு சொல்லிக்க எங்க வூட்டுக்கு அந்தக் குதிரையாவது இருக்கட்டும்.”