பிடுங்காத ஆணி

போர்ட் கிள்ளானிலிருந்து திரும்பும் ரயிலில், மடியில் ஹெல்மெட் வைத்திருந்த ஒரு பெண் பக்கத்து சீட் அக்காவிடம் சொன்னாள்: “ஆணியைப் பிடுங்காததாலதான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.”

“என்ன ஆணி?”

“மோட்டர் சைக்கிள் டயர்ல குத்தின ஆணிக்கா. இன்னிக்குத் துறைமுகத்துல கிரேன் ஓட்டுற வேலைக்கு டெஸ்ட். பாதி வழியில பின் டயர் இறங்குது. ஒரு அங்கிள் பிளையரோட வந்து, பிடுங்கிடவாம்மான்னாரு. வேணாம் அங்கிள்னேன். டியூப்லெஸ் டயர்க்கா. ஆணி இருக்கிற வரைக்கும் காத்து மெதுவாத்தான் போகும். பிடுங்கினா அங்கேயே உட்கார வேண்டியதுதான்.”

“அப்புறம்?”

“பெட்ரோல் ஸ்டேஷன்ல காத்து அடிச்சேன். ஓரமாவே மெதுவா ஓட்டிட்டுப் போயிட்டேன்.”

“இப்ப மோட்டர் எங்க?”

“அங்க டயர் கடையில விட்டிருக்கேன். வெளியிலிருந்து ஓட்டையை அடைச்சு பிளக் அடிச்சா போதும்னாரு கடைக்காரர். இனிமே தினமும் லோரிங்க நடுவுல வரணும்ணே, டயரைக் கழட்டி உள்பக்கம் பேட்ச் ஒட்டிடுங்கன்னேன். நாளைக்குத்தான் கிடைக்கும்.”

அக்கா அவள் முகத்தையே பார்த்தார். “தினமுமா? அப்படின்னா டெஸ்ட்டு?”

“பாஸ்லா! திங்கக்கிழமை கிரேன்ல ஏறுறேன்.”

அக்கா கை தட்டிய சத்தத்தில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.