மூணாம் படி

— நேத்தே சொல்லிட்டேன் டீச்சர்! மச்சான் வீட்டுக்கே போய், நடுக்கூடத்துல நின்னு சொல்லிட்டேன். உன் பொண்ணு இன்னும் முதல் படியிலயே நிக்குது, என் பொண்ணு மூணாம் படிக்குப் போயிட்டாடான்னு.

— ஐயையோ. அவர் என்ன சொன்னாரு?

— சிரிச்சான். பேங்க்ல உக்காந்து கையெழுத்து போடறவனுக்கு, பட்டறைக்காரன் பொண்ணு முந்திக்கிட்டா பொறுக்குமா? வயித்தெரிச்சல் சிரிப்பு.

— அவர் வேற எதுக்காவது சிரிச்சிருக்கலாம்ணே. இந்தப் படி நீங்க நினைக்கிற படி இல்ல.

— டீச்சர், நான் இரும்புப் படிக்கட்டு செய்யறவன். இந்தத் தெருவுல மொட்டை மாடிக்கு ஏறுறவன் பூரா நான் வெல்டு அடிச்ச படியிலதான் ஏறுறான். ஒண்ணுக்கு மேல மூணா, மூணுக்கு மேல ஒண்ணான்னு என்கிட்டயே பாடம் எடுக்கறீங்களே!

— பேரு வச்சது நான்தான், என் புத்தியைச் சொல்லணும். கேளுங்க. வகுப்புல எல்லாருக்கும் சேர்த்து நடத்துறது முதல் படி. அதுல பிடிபடாத பிள்ளைங்களை அஞ்சாறு பேரா உக்கார வச்சு மறுபடி சொல்லித் தர்றது ரெண்டாம் படி. அதுலயும்...

— அதுலயும் பொறுக்கி எடுத்த பிள்ளைங்களுக்குத் தனியா ஒரு டீச்சர்! தெரியாதா எனக்கு? பந்தும் வலையும் போட்டு வச்சிருந்த இந்த ரூமை ஒழிச்சு, ஃபேன் மாட்டி, ஒரு மேசை, ஒரு டீச்சர், ஒரே ஒரு பொண்ணு. ராஜ மரியாதை. மச்சான் மக அங்க நாப்பது பேரோட நசுங்கிக்கிட்டுக் கிடக்கு.

— பொறுக்கி எடுத்ததுன்னு நான் சொன்னேனா?

— நீங்க அடக்கமா பேசறீங்க.

— அடக்கமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஸ்டாஃப் ரூம்ல இந்த ரூமுக்கு என்ன பேரு தெரியுமா? ஐ.சி.யூ. கணக்கு சார் வச்சது. ஒன்பதாம் வகுப்புல பாதிப் பேரைக் கோட்டை விட்டதே அந்த மனுஷன். என் வாசல்ல வந்து நின்னு, பேஷண்ட் எப்படி இருக்குன்னு விசாரிக்கறாரு. பெரிய வாத்தியாரு! ஒழுங்கா நடத்தியிருந்தா எனக்கு இந்த ரூமே வேண்டியதில்ல.

— ஐ.சி.யூன்னா சும்மாவா டீச்சர்? சாதா வார்டை எவன் எட்டிப் பாக்கறான்? ஐ.சி.யூலதான் பெரிய டாக்டருங்க வருவாங்க!

— உங்களோட பேசி ஜெயிக்க முடியாது. சரி, பட்டறை வாசல்ல போர்டு வைக்கப் போறீங்களாமே?

— தகரம் வெட்டியாச்சு. அவ பேரு, கீழ மூணாம் படின்னு சிவப்பு பெயிண்ட்ல. மச்சான் ஆபீஸ் போற வழியில பட்டறை. தினமும் பாத்து வயிறு எரியட்டும்.

— வைக்காதீங்கண்ணே, கையெடுத்துக் கும்பிடறேன். ஊரே கைகொட்டிச் சிரிக்கும். போன வருஷம், நான் மண்டு, பட்டறையிலயே உக்காந்துக்கறேன்னு பையைத் தூக்கி எறிஞ்சவ அவ. இப்பதான் கையைத் தூக்கிக் கேள்வி கேக்கறா. முந்தாநாள் பின்னக் கணக்கை எனக்கே நடத்திக் காட்டினா.

— பாத்தீங்களா! மூணாம் படின்னா சும்மாவான்னேனே!

— அது சந்தோஷம்தான். ஆனா நாளைக்கு யாரோ ஒருத்தன் வாயில இருந்து விஷயம் அவ காதுல விழுந்தா, மறுபடி பையைத் தூக்கிப் போட்டுடுவா. அதுக்கப்புறம் என்னாலயும் முடியாது. பக்குவமா நாமளே சொல்லிடலாம்.

— என்னத்தைச் சொல்றது? ஒரு படி ஏறத் தெரியாததுங்க எல்லாம் பேசுற பேச்சை நாம ஏன் பேசணும்?

— உங்களுக்கு எப்படித்தான் புரிய வைக்கிறது? பட்டுனு சொல்லிடறேன். மூணாம் படிங்கறது மேல இல்லண்ணே, எல்லாத்துக்கும் கீ...

— மெதுவா டீச்சர், மெதுவா. எது மேல, எது கீழன்னு மச்சான் நேத்தே சொல்லிச் சிரிச்சுட்டான். இவ்வளவு நேரம் நான் கத்தினது உங்களுக்கா? கதவுக்கு அந்தப் பக்கம் என் பொண்ணு நிக்கறாளே, அவளுக்கு.