ஐந்து நாள் தள்ளி நின்ற அம்பு

இல்லை. அந்த அம்புக்குறியைப் பின்னால் நகர்த்தியது புவனா அல்ல. அதைத்தான் முதலில் கேட்டீர்கள், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஷ்ரவ்யா, வயது 26, தகப்பனார் பெயர் கோபாலசாமி. கருமத்தம்பட்டியில் பெற்றோருடன் குடியிருந்து வருகிறேன். ஆர்.எஸ்.புரத்தில் கிருபாசங்கர் என்பவர் நடத்தும் பங்குச்சந்தை ஆலோசனை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். புவனாவுக்கு என் பக்கத்து இருக்கை.

ஒரு பங்கின் விலை முன்னைவிடக் கீழே இறங்கியிருக்கும். வரைபடத்தின் அடியில் ஓடும், விலை நகரும் வேகத்தை அளக்கும் ஆர்.எஸ்.ஐ. கோடு மட்டும் அந்த அளவுக்கு இறங்க மறுத்திருக்கும். இந்த முரணுக்கு டைவர்ஜென்ஸ் என்று பெயர். வீழ்ச்சி களைத்துவிட்டது என்பதற்கு அடையாளமாகக் கொள்வார்கள். அதைக் கண்டதும் திரையில் பச்சை அம்பு வரும்படி அமைக்கும் வேலை புவனாவிடம் கொடுக்கப்பட்டது.

விலை இறங்கித் தொட்ட ஒரு பள்ளம் பள்ளம்தான் என்பது, அதற்குப் பிறகு விலை ஏறினால்தான் தெரியும். ஆகவே பள்ளத்துக்குப் பின் ஐந்து நாள் முடிந்தால்தான் அம்பு வர வேண்டும் என்று புவனா அமைத்தார். தெரியவந்த நாளின் மேலேயே அதை நிறுத்தினார். பிறகு ஒரு கல்யாணப் பத்திரிகையால் திரையின் வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு, பழைய வரைபடத்தை ஒவ்வொரு நாளாகத் திறந்து சோதித்தார். பொய்த்த அம்புகளை அழிக்கவில்லை. என் வேலையை விட்டுவிட்டு, பத்திரிகையை நகர்த்தும் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பின்பு, பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் செங்கோட்டையன் என்ற சந்தாதாரர் போனில், "ஏனுங்க அம்மணி, கோழி முட்டை போட்டு அஞ்சு நாள் கழிச்சுத்தான் சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. உள்ள முட்டை இருக்குதான்னு கோழியக் கிழிச்சா பாக்கறது?" என்றார் புவனா. செங்கோட்டையன் போனில் சிரித்தது எனக்கும் கேட்டது.

அதன் பின்பு கிருபாசங்கர் வந்து திரையைப் பார்த்தார்.

"அம்பு தள்ளி நிக்குது புவனா. பள்ளத்துலயே வெச்சுப்போட்டா என்ன?"

"அன்னிக்கே தெரிஞ்ச மாதிரி ஆயிருமுங்க சார்."

"ஆரு கேக்கப் போறா?"

"நான் கேப்பனுங்க."

மறுநாள் மதியம் புவனா சாப்பிடப் போயிருந்தபோது கிருபாசங்கர் அவர் இருக்கையில் அமர்ந்தார். கணினி புவனாவின் பெயரில் திறந்திருந்தது. அம்பை எத்தனை நாள் நகர்த்திக் காட்டுவது என்று குறிக்கும் கட்டத்தில், பூஜ்யம் இருந்த இடத்தில் மைனஸ் ஐந்து என்று போட்டார். எல்லா அம்புகளும் ஒரே நேரத்தில் பின்னால் தாவிப் பள்ளங்களில் உட்கார்ந்தன. எல்லாமே முன்கூட்டித் தெரிந்தது போல. "இப்பத்தான் லட்சணமா இருக்குது" என்று என்னிடம் சொன்னார். படமெடுத்து வாட்ஸப் குழுவில் போட்டார். புவனா திரும்பியதும் நடந்ததைச் சொன்னேன். அவர் மீண்டும் பூஜ்யம் வைத்தார். படத்தை எடுத்துவிடச் சொன்னார். கிருபாசங்கர் எடுக்கவில்லை. படத்தைப் பார்த்துப் பலர் புதிதாகச் சேர்ந்தார்கள்.

அதன் பின்பு பல்லடத்தில் ஒரு மண்டபத்தில் கூட்டம் நடந்தது. லேப்டாப்பும் புரொஜெக்டரும் புவனாவின் பொறுப்பு. அதே படம் சுவரில் விழுந்தது. "நாளைக்கு நடக்கறது எங்களுக்கு இன்னிக்கே தெரியுமுங்க" என்றார் கிருபாசங்கர். கைதட்டினார்கள். அப்போது புவனா படத்தை மூடி, உண்மையான வரைபடத்தைத் திறந்தார். கைப்பையிலிருந்து அந்தப் பத்திரிகையை எடுத்து, புரொஜெக்டர் வெளிச்சத்தின் குறுக்கே பிடித்தார். வலப்பக்கம் இருண்டது. ஒவ்வொரு நாளாக விலக்கினார். பள்ளம் வந்தது.

முன்வரிசையிலிருந்து செங்கோட்டையன், "அம்பு எங்கம்மணி?" என்றார்.

"இன்னும் பொறக்கலீங்க."

அடுத்த நாள். அதற்கடுத்த நாள். ஐந்தாவதில் வந்தது. அதற்குள் விலை பாதி ஏறிவிட்டிருந்தது.

"எங்களுக்குத் தெரியறது இவ்வளவுதானுங்க" என்றார் புவனா. பத்திரிகையை மடித்துக் கைப்பையில் வைத்தார்.

அதன் பின்பு படத்தை நம்பிச் சேர்ந்தவர்கள் புகார் கொடுத்தார்கள். படம் புவனாவின் பெயரில் திறந்த கணினியில் எடுக்கப்பட்டதால் ஏமாற்றியது அவரே என்று கிருபாசங்கர் சொல்லியிருப்பதாக அறிகிறேன். கட்டத்தை மாற்றிய கை கிருபாசங்கருடையது. பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்தேன். பார்த்தது நான் ஒருத்திதான். இன்றுவரை அவரிடம்தான் சம்பளம் வாங்குகிறேன்.

இதில் உள்ளவை நான் கண்டதும் கேட்டதும் மட்டுமே. ஊகம் எதுவும் இல்லை. வாசித்துக் காட்டப்பட்டது, நான் சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்) கோ. ஷ்ரவ்யா

குறிப்பு: ஒப்பமிட்ட பின் சாட்சி தன் பையிலிருந்து அலுவலகச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்து, அதைக் கிருபாசங்கரிடம் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொண்டார்.